கணக்கில் வராத பிரசாதம்

என் கணவரின் வலது பாதத்தை அந்த சிஸ்டர் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது இன்னும் கண்முன் நிற்கிறது. "சிவ சிவா, பொம்பளைப் பிள்ளை மடியில காலா?" என்று இவர் இழுத்துக்கொண்டார். "என்கிட்ட குடுங்க அங்கிள், இல்லன்னா டாக்டர் எடுத்துக்குவார்" என்று அவள் சிரித்தாள். சிரித்தபடி சொன்னாலும் விஷயம் அதுதான். சர்க்கரை குறையாததால் கட்டைவிரல் புண் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். டெல்லியில் எங்கள் மயூர் விஹார் பகுதியில் வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். கட்டு மாற்றுவாள், சர்க்கரை பார்ப்பாள், என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பாள். "இனிப்பைத் தொடறதே இல்லம்மா" என்று இவர் அடித்துச் சொல்வார். காபிக்குக்கூடச் சர்க்கரை போடாதவர், பொய்யும் சொல்லத் தெரியாதவர். ஆனால் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. அம்பாளிடம் அழுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிகிற நேரத்தில் வந்தாள். சர்க்கரைப் பொங்கலை அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். இவர் தன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அச்சா! அங்கிள், இது என்னது?"

"பிரசாதம்மா."

"இனிப்பு இல்லையா?"

"பிரசாதத்தைப் போய் இனிப்புன்னு சொல்லலாமா!"

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் பொங்கல், கோயில் பஞ்சாமிர்தம், பஜனையில் கேசரி என்று எதுவுமே எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கணக்கில் வந்ததில்லை. வேறு யாராவது இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அவளோ, "எங்க சர்ச்சுல அப்பம் இத்துனூண்டுதான் குடுப்பாங்க அங்கிள், நாக்குல வச்சதும் கரைஞ்சிடும். அதுக்காக ஆண்டவர் குறைச்சலாவா வர்றார்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, உங்க அம்பாளுக்குச் சுண்டல் பிடிக்காதா?"

மறுநாள் கோயிலில் இவர் ஒரு துளி பஞ்சாமிர்தத்தை வாயில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். நானும் சுண்டலுக்கு மாறினேன். புண் மெல்ல மெல்லக் காய்ந்து, விரல் தப்பியது.

கடைசியாகக் கட்டு அவிழ்த்த அன்று, நேர்ந்துகொண்டபடி சர்க்கரைப் பொங்கல் படைத்தேன். இவர் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிஸ்டர் முழுக் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, "எனக்கு சுகர் இல்ல ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று நீட்டினாள்.

இப்போது அவள் வேறு பகுதிக்கு மாறிப் போய்விட்டாள். தினமும் காலையில் இவர் கோயிலுக்கு நடந்து போகச் செருப்பு மாட்டும்போது, அம்மா தாயே, அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக வை என்று சொல்லிக்கொள்கிறேன்.