கூப்பிட்டால் திரும்பாத குழலி

நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் துர்காதேவியின் பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடாத தாய் இல்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தறிக்குழியில் மண்ணைக் கொட்டும், நூலை அறுக்கும், தெருவுக்கு ஓடும். குழலி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பாள். "உன் பொண்ணு தங்கம், எவ்ளோ ஒழுக்கம்!" என்பார்கள். துர்காவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த ஒழுக்கம் எப்படி வந்தது என்பது துர்காவுக்கும் அவள் கணவன் தினகரனுக்கும் தெரியும். அவர்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். தினகரன் ஊடுநூல் ஓட்டுகிற ஒரு நாடாவைத் தள்ள, பக்கத்தில் உட்கார்ந்து துர்கா கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பித் தள்ளுவாள். இருவரில் ஒருவர் எழுந்தாலும் தறி நின்றுவிடும். தவழுகிற வயதில் குழலி ஒருநாள் தறிக்குழிக்குள் தலைகீழாக விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். மறுநாள் தினகரன் தன் போனைத் தறி மரத்தில் சாய்த்து வைத்து, ஒரு மஞ்சள் வாத்து குளத்தில் குதித்துப் பாடுகிற வீடியோவைப் போட்டுவிட்டான். குழந்தை அசையவில்லை. அன்று வேலை ஓடியதைப் போல என்றும் ஓடியதில்லை. அதன்பின் தறி ஓடும் நேரமெல்லாம் வாத்தும் ஓடியது.

மூன்று வயது தாண்டி அங்கன்வாடியில் விட்ட பிறகுதான் முதல் இடி விழுந்தது. அங்கே டீச்சராக இருந்த புவனேஸ்வரி, மற்ற தாய்மார்கள் போகும்வரை காத்திருந்து துர்காவைத் தனியாக அழைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. குழலி வீட்ல பேசுதா?"

"கொஞ்சம் லேட்டு டீச்சர். எங்க ஊட்டுக்காரரும் லேட்டாதான் பேசினாராம்."

"பேசறது இருக்கட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குதே. காது டெஸ்ட் பண்ணியா?"

துர்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று "குழலி" என்றாள். திரும்பவில்லை. கை தட்டினாள். திரும்பவில்லை. அப்போது உள்ளே அலமாரி மேல் கிடந்த போனில் ஏதோ மெசேஜ் வந்து மெல்ல 'டிங்' என்றது. குழலி சட்டென்று தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தாள்.

காது நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் துர்காவுக்கு நிம்மதி வரவில்லை. இன்னும் பயம்தான் வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற நதியா என்ற பெண்ணிடம் அனுப்பினார். நதியா குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டினாள், பொம்மையை மறைத்தாள், குமிழி ஊதினாள். குழலி அவள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

"போன்னாலதான் இப்படின்னு நான் சொல்ல மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம், போகப் போகத்தான் தெரியும்" என்றாள் நதியா. "ஆனா போனை முழுசா நிறுத்துங்க. நீங்க ரெண்டு பேரும் அவகூட பேசுங்க."

"பதில் பேசாத புள்ளகிட்ட இன்னாம்மா பேசறது?" என்று கேட்டான் தினகரன்.

"பதில் வர்ற வரைக்கும் பேசணும்."

போனை நிறுத்திய வாரம் வீடு போர்க்களமானது. குழலி தலையைச் சுவரில் மோதினாள், துர்காவின் தோளைக் கடித்தாள், தொண்டை கம்மும்வரை கத்தினாள். தெருவில் இரண்டு வீடு தள்ளியிருந்த தில்லையம்மாள் ஓடிவந்து, "புள்ளைய அடிக்கிறியா இன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தினகரனுக்குத் தறியில் இழை தப்பியது.

"இப்படி அழவெச்சிக்கினு எப்படி நெய்யறது துர்கா? நான் மட்டும் இன்னா, இந்தத் தறி பக்கத்துலயே உக்காந்துதான் வளந்தேன். எனக்கு யாரு கதை சொன்னாங்க? ஒழைச்சாதான் சோறுன்னு தெரிஞ்சு வளந்தேன்."

"நீங்க உங்கப்பா பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தீங்க. அவரு தும்முனாக்கூட உங்களுக்குத் தெரியும். இவ யாரு பக்கத்துல உக்காந்தா?"

தினகரன் போனை எடுத்து அலமாரி மேல் வைத்தான். ஆனால் ஒருநாள் அவள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டில் சத்தமே இல்லை. வாசலிலேயே அவள் கால் நின்றுவிட்டது. உள்ளே, குழந்தையின் மடியில் போன் இருந்தது. குற்றவாளி போலத் தினகரன் அவளைப் பார்க்காமல் நெய்துகொண்டிருந்தான். துர்கா சண்டை போடவில்லை. சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. அவன் அவ்வப்போது கொடுப்பதும், அவள் பிடுங்குவதுமாகப் பங்குனி வந்தது.

ஏகாம்பரநாதர் கோயில் உத்திரத் திருவிழா. வெள்ளித் தேர் பார்க்க மூவரும் போனார்கள். தேர் கடந்த பிறகு கூட்டம் கலைந்து கடைப்பக்கம் பாய்ந்தது. துர்கா முந்தானையைச் சரிசெய்யக் குழந்தையின் கையை விட்டாள், அவ்வளவுதான். குனிந்து பார்த்தபோது குழலி இல்லை.

"குழலி! அடியே குழலி!" என்று அவள் கத்தினாள். கத்திக்கொண்டே இருக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்தப் பெயரை ஊரே கேட்கும், அவள் பெண் மட்டும் கேட்கமாட்டாள். பத்தடி தூரத்தில் நின்றாலும் திரும்பமாட்டாள். அம்மாவைத் தேடி அழவும் மாட்டாள். அழாத குழந்தை தொலைந்துபோனது என்று யாருக்குத் தெரியும்? கோயில் குளம் கண்ணுக்குள் வந்து நின்றது.

காவல் உதவிப் பந்தலில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் தர்மன் என்ற தன்னார்வலர். "பாவாடை இன்னா கலரு? பேரு கேட்டா சொல்லுமா?" என்று போலீஸ் கேட்டார்.

"சொல்லாதும்மா. பேசாது. கூப்பிட்டாலும் வராது."

சொல்லி முடித்ததும் துர்கா தினகரனின் சட்டைப் பையிலிருந்து போனை உருவினாள். அந்த வாத்தைத் தேடி எடுத்து மைக்குக்கு எதிரே நீட்டினாள். "இதைப் போடுங்கண்ணா. இதுக்குத்தான் வருவா."

தர்மன் தயங்கினார். "சாமி போயிக்கினு இருக்குது, இந்நேரத்துல இன்னாம்மா இது..."

"அண்ணா, கால்ல விழறேன்!"

அடுத்த நிமிஷம் தெரு முழுக்கக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் வாத்து பாடியது. நாயனக்காரர் திரும்பிப் பார்த்தார். இளவட்டங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். துர்கா யாரையும் பார்க்கவில்லை, தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டு முடிந்து இரண்டாம் முறை தொடங்கியபோது, வளையல் கடை படுதாவுக்குப் பின்னாலிருந்து குழலி வெளியே வந்தாள். அவசரமே இல்லாமல், பாட்டு வருகிற திசையைப் பார்த்தபடி, கால்களுக்கு நடுவில் நுழைந்து நேராகப் பந்தலுக்கு வந்தாள்.

துர்கா பாய்ந்து அவளை வாரி அணைத்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மைக்கின் முன்னால் இருந்த போனைக் கேட்டாள்.

அதைத் தினகரன் பார்த்தான். மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவிட்டான். "அவளுக்கு நம்ம யாருன்னே தெரியல துர்கா" என்றான். பெரிய ஆண்பிள்ளை, தோள் குலுங்க அழுதான்.

தறியில் இருந்த பாவு நூல் முடிந்ததும் அவனே நூலும் கூலியும் தருகிற முதலாளியிடம் போய், இனிக் கோர்வை வேண்டாம், தனி ஆள் நெய்கிற சேலையாகக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டான். கூலி குறையும் என்று முதலாளி எச்சரித்தார். "குறையட்டும் சார், எனக்கு என் பொஞ்சாதி தறியை விட்டு எழுந்திருக்கணும்" என்றானாம்.

எழுந்த பிறகுதான் துர்காவுக்குத் தன் குறை தெரிந்தது. அவளுக்குப் பேச வராது. தறிச் சத்தத்தில் யார் பேச முடியும்? கண்ணாலும் தலையசைப்பாலும் பேசிப் பழகிய வீடு அது. விடிந்ததிலிருந்து குழலியிடம், "இது வெங்காயம். தோல் உரிக்கறோம். ஆ, கண்ணு எரியுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சுவரோடு பேசுவது போல இருந்தது. பாவாடை காயப் போடும்போது, மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது, தாமல் ஊருக்குப் பஸ் போகும்போது, ஆடு குறுக்கே வரும்போது என்று ஓயாமல் பேசினாள். நாள் முழுக்க நாடா தள்ளினாலும் வராத களைப்பு சாயந்திரம் வந்தது. இது வீண் வேலையோ, எந்த நாளும் பலிக்காதோ என்ற பயம் அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. குழலி சில நாள் கத்தினாள், சில நாள் வெறித்தாள். பிறகு மெல்ல, வெங்காயத்தைப் பார்க்கத் தொடங்கினாள். வெங்காயத்திலிருந்து அம்மாவின் கை, கையிலிருந்து வாய்.

ஆடி மாதம் ஒரு காலை, துர்கா வழக்கம்போல இட்லியைப் பிட்டு ஊட்டினாள். "ஒரு வாய். இட்லி. சூடு இல்ல. ஆ காட்டு." குழலி தலையைத் திருப்பினாள். துர்கா கையை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். குழந்தை அவள் கையைத் தட்டிவிட்டு, அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"வேணா!"

இட்லி தரையில் கிடந்தது. கேட்டது நிஜம்தானா என்று தெரிய வேண்டுமே, துர்கா இன்னொரு துண்டை நீட்டினாள்.

"வேணா மா!"

தினகரன் தறியிலிருந்து ஓடிவந்தான். அவனும் ஒரு துண்டை எடுத்து நீட்டினான். அவனுக்கும் கிடைத்தது, இன்னும் ஓங்கி. பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள்.

ஆஸ்பத்திரியில் நதியா அதைக் கேட்டு முகம் மலர்ந்தாள். குழலி இப்போது அவள் உருட்டிய பந்தைத் திருப்பி உருட்டினாள். அப்படியும் துர்காவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஸ்கூல்ல சேக்கறதுக்குள்ள சரியாயிடுமா மேடம்?"

"பொய் சொல்ல மாட்டேன், தெரியல. மத்த புள்ளைங்களவிட இவ இன்னும் ரொம்பப் பின்னாடிதான் இருக்கா. வந்துக்கினே இருங்க."

துர்கா தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது. இது தன்னை விட்டுப் போகிற பயம் இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போலப் பேச ஆரம்பித்தாள். "அதோ பாரு, கரும்புச் சாறு மிஷினு. கடைக்காரரு மணி ஆட்டறாரு பாரு. பச்சைப் பச்சையா ஊத்துது. உனக்கு வேணுமா, வேணாமா?"

குழலி மிஷினைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். யோசிப்பது போல இருந்தது. துர்கா காத்துக்கொண்டு நின்றாள்.