மஞ்சள் வாளி

பன்றிக் காய்ச்சல் வந்த வருடம் நான் புதுச்சேரியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல்காரர்களைத் தனியாக வைத்திருந்த வார்டைக் கூட்டிப் பெருக்கியவர் குருசுக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். மாஸ்க் எங்களுக்குத்தான் கொடுத்தார்கள். அவர் முந்தானையை மூக்குக்குமேல் இழுத்து, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வார்.

அந்த வாரம் எங்களுக்கு ஒரு வினாத்தாள் வந்தது. கழற்றிய மாஸ்க்கை எங்கே போட வேண்டும்? மஞ்சள் வாளியில் என்று வகுப்பே சரியாக எழுதியது. எழுதிய நாங்கள்தான் வார்டைவிட்டு வந்ததும் மாஸ்க்கைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு கேன்டீனுக்குப் போவோம். வாளி பத்தடி தள்ளி இருந்தது. அவர் ஒவ்வொன்றாக வெறுங்கையால் எடுத்து அதில் போடுவார்.

ஒரு நாள், "கிளவுஸ் போடலையாக்கா?" என்று கேட்டேன்.

பல்லிலிருந்து முந்தானையை விட்டார். "குடுத்தா போட மாட்டனா தம்பி?"

தலையாட்டிவிட்டுப் போனேன். என் மாஸ்க்கும் கம்பியில்தான் தொங்கியது.

பத்து நாள் கழித்து அதே வார்டில் அவர் படுத்திருந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இப்ப கூட்ட வந்திருக்குதே, அது பச்சப் புள்ளக்காரி தம்பி. வாளியிலயே போட்டுடுங்க."

மறுநாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. வெளியே கம்பியில் ஏழெட்டு மாஸ்க் தொங்கின. எடுத்துப் போட்டுவிடலாம் என்று போனவன், முதலில் கிளவுஸைத் தேடினேன்.