பதினாறு ஜிபி தைரியம்

போன புதன்கிழமை மாத்தளையில் நல்ல மழை. ஆச்சரியம்—கரண்ட் போகவில்லை, நெட் போகவில்லை. போனது, என் மகளுக்குக் கிடைக்கவேண்டிய வேலை.

பிரியா டிகிரி முடித்து வீட்டில் இருக்கிறாள். கொழும்புக் கம்பெனி ஒன்று ஓன்லைனில் பரீட்சை வைத்தது. கெமராவை ஓன் பண்ணிவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் எக்ஸெல்லில் கணக்குச் செய்து காட்டவேண்டும். ஃபோன் செல்லாது. எங்களிடம் இருப்பதோ இரண்டு ஜிபி ரேம் உள்ள பழைய கம்பியூட்டர்.

ரேம் வாங்கிப் போடலாமே என்கிறீர்களா? இந்த மெஷினுக்குப் பொருந்துவது இப்போது வருவதே இல்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் மனைவியின் தம்பி ரவி வந்தான். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவன். யாரோ சொல்லிக்கொடுத்தபடி எதையெதையோ அமுக்கி, வேர்ச்சுவல் மெமரியைப் பதினாறு ஜிபிக்கு ஏற்றினான்.

"கடையில எடம் இல்லாட்டி மிச்சத்த லொறியில வச்சிக்கிட்டு விக்கிறோம் தானே மச்சான்? அதே கதைதான். பயப்படாதீங்க."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பதினாறாயிற்றே!

ஆனால் ரேம்தான் கடை. வேர்ச்சுவல் மெமரி என்பது ஹார்ட் டிஸ்க்கில் கடன் வாங்கிய இடம்—எங்கோ தூரத்தில் நிற்கும் லொறி. அது எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? ஒவ்வொரு கிலோ கரட்டுக்கும் அங்கே ஓடவேண்டாமா? கெமராவும் எக்ஸெல்லும் சேர்ந்து கேட்டபோது எங்கள் கம்பியூட்டர் அப்படித்தான் ஓடியது. ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. திரையில் வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

கேள்விகள் தெரிந்தன. பிரியா விடாமல் டைப் பண்ணினாள். ஓர் இலக்கம்கூடத் திரையில் விழவில்லை. நேரம் முடிந்து லைன் கட்டானது. கம்பெனிக்கு ஃபோன் எடுத்துக் கெஞ்சினேன். எல்லாருக்கும் ஒரே நேரம்தான் என்றார்கள், மிக மரியாதையாக.

ரவி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "விடுங்க மாமா, நல்லதுன்னு நெனச்சித்தானே செஞ்சீங்க," என்றாள் மகள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திறமை இருந்தால் வேலை தானாக வரும் என்று அவளுக்குச் சொல்லி வந்தவன் நான். இனி எந்த முகத்தோடு சொல்வது? எல்லாமே ஓன்லைன் என்கிறார்கள்—யார் வீட்டு மெஷினில் என்று ஒருவராவது கேட்டார்களா?

கம்பியூட்டரை ஓஃப் பண்ணப் போனேன். கெமரா நின்று பாரம் குறைந்ததாலோ என்னவோ, வட்டம் சட்டென்று மறைந்தது. அவள் டைப் பண்ணியதெல்லாம் மடமடவென்று கட்டம் கட்டமாக வந்து விழுந்தது.

பிரியா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான்பா இருக்கு."