கை காணாத ஜக்கெற்

என்னிடம் ஒரு சிவப்புத் தொப்பி இருந்தது. மருமகள் போடாமல் வைத்திருந்த கம்பளித் தொப்பி அது. உச்சியில் ஒரு குஞ்சம் வேறு, நடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். என் வயதுக்கு அது பொருத்தமில்லைதான். ஆனால் காதை அதைப்போல மூடுகிற தொப்பி வேறொன்றும் எங்கள் வீட்டில் இல்லை. கனடாவில், எங்கள் ஸ்காபரோக் காற்று காதுக்குள் புகுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தலையிடிதான்.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே, றோட்டுக்கு அந்தப் பக்கத்தில், இன்னொரு உயர்ந்த கட்டடம் நிற்கிறது. அதன் ஏழாம் மாடியில் ஒரு அக்கா இருந்தார். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டில் நாங்கள் படம் பார்ப்போம். நாங்கள் என்றால் நாலே பேர். அக்கா, ஊரில் படிப்பித்துவிட்டு வந்த ரீச்சர், மட்டக்களப்புப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, நான். பிளாசாவில் மரக்கறிக் கடைக்காரரிடம் டிவிடி எடுப்போம். பழைய படம், சிரிப்புப் படம், அதுதான் எங்கள் சட்டம். அழுகைப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் தங்கச்சி வாசலிலேயே மறிப்பாள். "அழுறத்துக்கு ஏன்கா காசு குடுக்கிற? வீட்டில சும்மா இருந்து அழலாமே?"

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. முதல் தரம் அக்கா கூப்பிட்டபோது போகாமல் இருக்க என்னென்னவோ சாட்டுத் தேடினேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் குளிருக்குத்தான் மருமகள் எனக்குத் தேர்மல் காற்சட்டை வாங்கித் தந்திருந்தாள். பிறந்த நாள் தொட்டு காற்சட்டை போடாதவள் நான். கதவைப் பூட்டிக்கொண்டு அதைப் போட்டு, மேலே சேலையைக் கட்டினேன். எலிவேற்றரில் நின்ற எல்லாருக்கும் அது தெரிகிறது போல இருந்தது. அக்கா வீட்டுச் சோபாவின் நுனியில் கால்களை இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி நின்று தன் சேலைக் கரையை ஒரு சாண் உயர்த்தினார்.

"இஞ்ச பாருங்கோ, நானும்தான். ரீச்சரும் தூக்கிக் காட்டுங்கோ."

ரீச்சருடையது நீலம். தங்கச்சியுடையது புருசனின் பழைய தேர்மல், கணுக்காலில் மடித்து ஊசி குத்தியிருந்தது. நான் சிரித்தேன். சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டுதான். எனக்கு எப்போதும் சிரிப்பு அப்படித்தான் வரும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குறை வைத்ததில்லை. குளிருக்கு என்ன போடுவது என்று யாராவது புதிதாக வந்தவர்கள் கேட்டால் நான் சொல்லுவது மூன்று சாமான்தான். உடம்போடு ஒட்டுகிற தேர்மல் ஒன்று, கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி, காதை மூடுகிற தொப்பி. மற்றதெல்லாம் பெருமைக்கு. அக்காவின் வீடு மூலை வீடு. வடக்குக் காற்று நேரே சன்னலில் வந்து மோதும். நாங்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஆளுக்கொரு போர்வைக்குள் காலை மடக்கி இருந்து, இஞ்சி போட்ட பிளேன்ரீயும் அக்கா பொரித்த மீன் கட்லற்றுமாகப் படம் பார்ப்போம். வெளியே பனி கொட்டுகிறதா இல்லையா என்று படம் முடிந்த பிறகுதான் பார்ப்போம்.

அக்காவுக்கு ஒரு மகன். அக்காவும் மகளும் இங்கே வரக் கிடைத்தபோது, ஏதோ பத்திரம் இல்லை என்று அவனுடைய விசா அலுவல் மட்டும் தனியாக நின்றுவிட்டது. அவன் வன்னியில் சொந்தக்காரரோடு இருந்தான். தகப்பன் இல்லை. இன்றைக்கு வருவான், அடுத்த வருசம் வருவான் என்று அக்கா அவனுக்கு ஒரு குளிர் ஜக்கெற் வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டிருந்தார். கறுப்பு நிறம், உள்ளே தடித்த பஞ்சு. கடைச் சீட்டு இன்னும் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

வன்னியில் சண்டை இறுகின குளிரில் எங்கள் படம் நின்றுபோனது. யாரும் நிற்பாட்டுவோம் என்று சொல்லவில்லை. ரீவியைப் போட்டால் செய்தி. செய்தியை மாற்ற யாருக்கும் கை வரவில்லை. பிறகு பகலில், சண்டையை நிறுத்தச் சொல்லி, சனத்தோடு சனமாக நகரத்து வீதிகளில் போய் நின்றோம். அதே தேர்மல், அதே சொக்ஸ், அதே தொப்பி. மாசியில் ஒருநாள் அவன் அக்காவோடு போனில் கதைத்தான். "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டானாம். சித்திரைக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். முகாமில் இருந்தவர்களின் பெயர்கள் வந்தன. அவற்றில் அவன் இல்லை. செத்தவர்களைப் பற்றி வந்த கதைகளிலும் அவன் இல்லை.

கோடை எப்படிப் போனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. மரங்கள் இலை கொட்டி, திரும்பவும் குளிர் வந்தது. நாங்கள் அக்காவை எலிவேற்றரிலும் பிளாசாவிலும் கண்டு, "சுகமோ?" என்று கேட்டுவிட்டு விலகுவோம். வேறு என்ன கேட்பது?

அந்த நேரத்தில்தான் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருந்த அவருடைய மச்சான், புருசனின் தமையன், ஒரு கதையைத் தொடங்கினார். பெடியன் போய்விட்டான், கோயிலில் ஐயரிடம் சொல்லி அந்தியேட்டியைச் செய்துவிடுவோம், அவனுடைய ஆத்துமா அலையக்கூடாது என்று. அந்தியேட்டி என்றால் செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை. ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அவன் செத்தவன்தான். அக்கா மாட்டேன் என்றார். அவர் விடவில்லை. மகளும் பெரியப்பாவின் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று ரீச்சர் எனக்குச் சொன்னார்.

மார்கழியில் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஞாயிறு வாங்கோ. படம் எடுத்து வைச்சிருக்கிறன்."

"ஓம் அக்கா, வாறன்" என்றேன்.

என்ன கொண்டுபோவது, என்ன உடுத்துவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். சாம்பல் நிறச் சேலை கட்டினேன். சிவப்புத் தொப்பியை அந்த வீட்டுக்குள் போட்டுக்கொண்டு போக மனம் வரவில்லை. அதை ஜக்கெற் பொக்கற்றுக்குள் திணித்துவிட்டு, தலையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு றோட்டைக் கடந்தேன். காது விறைத்துப்போனது.

எலிவேற்றரில் ரீச்சரும் தங்கச்சியும் நின்றார்கள். ரீச்சர் வெள்ளைச் சுவெற்றர். தங்கச்சியும் ஒரு மங்கல் நிறச் சேலை. ஆளையாள் பார்த்தோம்.

அக்கா கதவைத் திறந்தார். கிளிப்பச்சைச் சேலை, மேலே அரக்குச் சுவெற்றர், நெற்றியில் விபூதி. வீடு முழுக்க மீன் பொரித்த வாசம். எங்கள் பாத்திரங்களை வாங்கி மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தார். கத்தரிக்காய். பருப்பு. பூசணிக்காய்.

"என்ன, எல்லாரும் மரக்கறி? இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?"

"ஞாயிறு அக்கா" என்றாள் தங்கச்சி, மெதுவாக.

"அப்ப ஏன்?"

செத்தவீட்டுக்குத்தான் அயலவர்கள் மரக்கறி சமைத்துக் கொண்டுபோவது. ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமலே மூன்று பேரும் அதைத்தான் செய்திருந்தோம்.

"என்ர வீட்டில ஒரு சாவும் விழேல்லை" என்றார் அக்கா. கோபத்தோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன்ர சிவப்புத் தொப்பி எங்கையடி?"

நான் பொக்கற்றுக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தேன். குஞ்சம் நசிந்துபோயிருந்தது.

"போடு."

போட்டேன். அக்கா குஞ்சத்தை இழுத்து நிமிர்த்திவிட்டு, டிவிடியைப் போடப் போனார்.

பழைய இடத்திலேயே இருந்தோம். போர்வை, பிளேன்ரீ, கட்லற் எல்லாம் இருந்தன. ஆனால் சிரிப்பு வரவில்லை. படத்தில் ஒருவர் பொய்மீசை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரை ஏமாற்றுகிறார். நாங்கள் ரீவியைப் பார்க்கிறது போல அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவும் சிரிக்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த மனிசன் பாயாசம் குடிக்கக் குனிய, மீசை கழன்று கிண்ணத்துக்குள் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் எடுத்து, "முந்திரிகை நீளமாயிருக்கு" என்று சொல்லிவிட்டு விழுங்கினார்.

எனக்கு வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்தச் சால்வையைத் தேடினேன், அது போர்வைக்குள் மாட்டிக்கொண்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அக்கா உடனே சிரித்தார். பிறகு தங்கச்சி. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கதவு தட்டுப்பட்டது அப்போதுதான்.

அஜக்ஸ் அண்ணை. தோளில் பனி, பூட்ஸில் பனி, கையில் ஒரு பிளாஸ்ரிக் பையில் வாழைப்பழம். வாசலில் நின்றபடியே ரீவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார்.

"இதென்ன கூத்து?"

"படம் பாக்கிறம் அத்தான்" என்றார் அக்கா. "உள்ள வாங்கோ, குளிர் வருது."

"பிள்ளை, நான் ஐயரோட கதைச்சிட்டு வாறன். தை பிறந்த உடன செய்யலாமாம். நீ இஞ்ச படம் போட்டுச் சிரிக்கிறாய். சனம் என்ன சொல்லும்?"

"செத்தவீட்டிலதான் படம் போடக்கூடாது. இது செத்தவீடில்லை."

"எத்தினை மாசம் போச்சுது! உயிரோட இருந்தா ஒரு போன் எடுக்கமாட்டானோ?"

"எடுக்கேலாத இடத்தில இருப்பான்."

"இல்லாட்டி?"

ரீச்சர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். அண்ணையின் பூட்ஸில் இருந்து தண்ணீர் வடிந்து கம்பளத்தில் ஊறியது. அவரும் பாவம். கையில் தூக்கி வளர்த்த பெடியனாம். தனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றை அவனுக்குச் செய்துவிட வேண்டும் என்று அவர் தவித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் அவர் சரி என்று சொல்லிவிடுவார் போல இருந்தது. அவ்வளவு களைத்திருந்தார்.

எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியாது. எழும்பினேன். மேசையில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தொப்பிக் குஞ்சம் ஆடுவது எனக்கே தெரிந்தது.

"அண்ணை, கட்லற் எடுங்கோ. மீன் கட்லற். சூடாயிருக்கு."

அவர் தட்டைப் பார்த்தார். எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கியிருக்கும். செத்தவீட்டில் மீன் சாப்பிடமாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஒன்று, எடுத்தால் இன்னொன்று. நான் தட்டை நீட்டியபடியே நின்றேன்.

அவர் கிளவ்ஸைக் கழற்றினார். ஒன்றை எடுத்தார். நின்றபடியே கடித்து, மென்று, விழுங்கினார். மிச்சத்தையும் வாய்க்குள் போட்டார்.

"உறைப்பு" என்றார். கண்ணைத் துடைத்தார்.

"அவனுக்கும் உறைப்பு வேணும்" என்றார் அக்கா. "பச்சைமிளகாய் கூடப் போடச் சொல்லுவான்."

"தெரியும்" என்றார் அண்ணை.

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். தங்கச்சி அவருக்குப் பிளேன்ரீ ஊற்றினாள். தன் ஜக்கெற்றைக் கொழுவ அலுமாரியைத் திறந்த அண்ணை, அங்கே தொங்கிய கறுப்பு ஜக்கெற்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு அதை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார். கைகளை முன்னால் நீட்டினார். கை விளிம்பு மணிக்கட்டோடு நின்றது.

"இது ஆருக்கு, அவனுக்கோ? கை காணாது, நீளம் போதாது."

"அவன்ர போட்டோவைப் பாத்துத்தான் வாங்கினனான்" என்றார் அக்கா. "உங்களை மாதிரி இருப்பான் எண்டு நினைச்சன்."

"என்னைவிட உயரம். சமாதான நேரம் நான் ஊருக்குப் போனபோது பாத்தனான்தானே. இவ்வளவு உயரம்." உள்ளங்கையைத் தன் தலைக்கு மேலே, நாலு விரல் இடைவெளியில் பிடித்தார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். சின்னப் பிள்ளையாக விட்டுவிட்டு வந்த மகன் எங்கே வந்து நிற்கிறான் என்று அன்றைக்குத்தான் கண்டார் போல. அண்ணையும் கையை இறக்கவில்லை.

"அப்ப ஒரு சைஸ் பெரிசா மாத்தவேணும்" என்றார் அக்கா.

"ஓம். மாத்து" என்றார் அண்ணை.

தை பிறந்தபோதும் அந்தியேட்டிக் கதையை அவர் எடுக்கவே இல்லை. அந்த ஞாயிறு படத்தின் மிச்சத்தை எங்களோடு இருந்து பார்த்தார். மீசைக்காரர் வந்தபோது அவரும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

அடுத்த நாள் நானும் அக்காவும் பஸ்ஸில் கடைக்குப் போனோம். நான் சிவப்புத் தொப்பியைப் போட்டிருந்தேன். வாங்கிக் கனகாலம் ஆனதால் மாற்ற முடியாது என்று கடைப் பிள்ளை சொல்லிப் பார்த்தாள். அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலிசில், மகன் வளர்ந்துவிட்டான் என்று சொன்னார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, எவ்வளவு உயரம் என்று கேட்டாள்.

அக்கா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, பூட்ஸ் நுனியில் எம்பி நின்று, கையை எட்டுமட்டும் உயர்த்திக் காட்டினார்.

அவனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பெரிய ஜக்கெற் அக்காவின் அலுமாரியில் இருக்கிறது. அதன் கை யாருக்கும் காணும்.