சொல்லிட்டுத் தொடுங்க

ஓட்டுநர் பள்ளியில் கார் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு, படிக்க வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. சீட் பெல்ட் வயிற்றைச் சுற்றி எட்டாமல் போகிற வரைக்கும் வேலைக்குப் போனாள். அதன்பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா சொன்ன தேதிக்குக் குழந்தை வரவில்லை. ஒரு வாரம் தாண்டியதும் ஆளாளுக்கு வாய் முளைத்துவிட்டது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "இன்னுமா?" என்றார்கள். அண்ணி தினமும் போன் போட்டு, "ஏதாச்சும் தெரியுதா?" என்றாள்.

"தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லாம ஒளிச்சு வெச்சா பெத்துக்கப் போறேன்?" என்று போனை வைத்தாள்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவளுடைய கணவனிடம் பேசினார். "இனிமே காத்திருக்க வேண்டாம். நாளைக்கு மருந்து குடுத்து வலி வரவழைச்சிடலாம்." அவன் தலையாட்டினான். எதற்கும் தலையாட்டுகிறவன்தான் அவன்.

"டாக்டர், வயிறு இங்க இருக்கு. என்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை கர்ப்பப்பை வாயில் ஜெல் வைத்தார்கள். மதியம் வரை ஒன்றும் அசையவில்லை. பிறகு டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். வலி சொல்லிவைத்த மாதிரி மெல்ல மெல்ல ஏறும் என்று நினைத்திருந்தாள். வந்ததோ வேறு. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது இடுப்பைப் பிடித்து முறுக்கியது. மூச்சு வாங்க இடைவெளியே இல்லை.

"சிஸ்டர், கொஞ்சம் குறைங்க."

"உலகத்துல எல்லாரும் பெத்துக்கலையா? கத்தினா மட்டும் சீக்கிரம் வந்துடுமா?" என்றாள் நர்ஸ்.

இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அப்போது டாக்டரம்மா வந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். கையுறையை மாட்டினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே ஏதோ கொக்கி மாதிரி இடறியது. வெதுவெதுப்பாக நீர் கொட்டித் துணியெல்லாம் நனைந்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"பனிக்குடம் உடைச்சேன்மா. சீக்கிரம் முடியணும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனில் பேச்சைத் தொடர்ந்தார். மறுபடியும் கை வந்தது.

அந்தக் கையின் மணிக்கட்டை அவள் எட்டிப் பிடித்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடுங்க. இங்க கிடக்கறது மேஜை இல்ல, மனுஷி."

போன் தோளிலிருந்து நழுவியது. "இப்படி அடம் பிடிச்சா நான் பார்க்க முடியாதும்மா."

"அடம் இல்ல டாக்டர். பாருங்க, சொல்லிட்டுப் பாருங்க. இல்லைன்னா வேற டாக்டரைக் கூப்பிடுங்க."

யாரும் எதிர்பார்க்காதபடி நர்ஸ்தான் வாய் திறந்தாள். "டாக்டர், வலி ரொம்ப நெருக்கமா வருது. டிரிப்ஸைக் குறைக்கட்டுமா?"

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "குறைங்க" என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போடுவதுபோல, "இப்ப உள்ள பரிசோதிக்கப் போறேன்" என்றார்.

"பண்ணுங்க" என்றாள் இவள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று வெளியே சொன்னார்கள். டாக்டரம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் குழந்தையை மார்பில் வைக்கும்போது மட்டும், "மேல வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

வார்டுக்கு வந்த கணவன் முகமெல்லாம் பல்லாக நின்றான். "உள்ள சண்டையாமே? சரி விடு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

"நல்லபடியாப் பொறந்துச்சு. என்னை நல்லபடியா நடத்தல. அது வேற, இது வேற" என்றாள். கோபம் துளியும் இறங்கியிருக்கவில்லை.

அவன் தலையாட்டப் போனான். பாதியில் நிறுத்திக்கொண்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு" என்றான்.

அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.