வெயில் இருக்கும்போதே

மதியத்திலிருந்து ஏழாவது முறையாக வர்த்தமானன் மொட்டை மாடிப் படியேறுகிறார். திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர். ஐம்பத்து நான்கு வயது. கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்திருப்பது எப்போதும் அவருடைய துண்டுதான். "ஒக்காந்தா எதுனா மறந்துபூடுதுங்க" என்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்.

மாடியில் இருப்பது ஒரு கறுப்புப் பெட்டி. விண்வெளியில் எங்கிருந்தோ பாய்ந்து வரும் துகள் நம் காற்றில் மோதி மழையாய்ச் சிதறுகிறது. சிதறியதில் ஒன்று பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் துளைத்தால் ஒரு சின்ன மினுக்கல் எழும். அதைக் கருவி எண்ணும், நிமிடத்துக்குச் சுமார் தொள்ளாயிரம். ஊசிமுனை ஓட்டையில் வெளிச்சம் புகுந்தாலும் போயிற்று, எண்ணிக்கை தறிகெட்டு ஓடும்.

இந்த வாரம் அப்படித்தான் ஓடுகிறது. மழைக்கு ஒதுங்கிய எறும்புகள் கதகதப்பான பெட்டிக்குள் புகுந்து கறுப்பு டேப்பைக் கடித்துவிட்டன. பெட்டியைக் கொடுத்த ஆய்வு நிலையம் கறாராகச் சொல்லிவிட்டது. வெளிச்சம் புகவில்லை என்று தெரிய, இன்று வெயில் இருக்கும்போதே ஒரு மணி நேரக் கணக்கு சீராக வர வேண்டும். இல்லையென்றால் நாளைக் காலை வேன் வந்து எடுத்துப் போய்விடும். ஆறு வருடம் பிள்ளையாய்ப் பார்த்துக்கொண்ட பெட்டி.

"ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு நிமிசம் நைனாரே" என்கிறார் பேராசிரியை சித்ரா.

"வேணாங்க மேடம். அதுங்க பாட்டுக்கு மழைக்குப் பயந்து பூந்துகினு கீது. நான் பாத்துக்கறேன்."

மேல்சித்தாமூர்ச் சமண நைனார் குடும்பம். எறும்பைக் கொல்லக் கை வராது. பொழுது சாய்ந்தபின் சாப்பிட வாயும் வராது. அதற்காகவே மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட வீட்டிலிருந்து டிபன் வரும்.

காலையில் வைத்த வெறும் வெல்லத்தை எறும்புகள் சீந்தவில்லை. மணி நான்கைத் தொட்டதும் மின்சாரத்தை அணைத்தார், பெட்டியைத் திறந்தார், டிபனையும் திறந்து பக்கத்தில் வைத்தார். கேப்பை அடை, வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலைதான். எறும்புகள் மெல்ல மெல்ல வரிசை கட்டின. வர மறுத்தவற்றை மயிலிறகால் தள்ளிவிட்டார். கடைசி டேப்பை ஒட்டி மறுபடி மின்சாரத்தைப் போட்டபோது மணி நாலே முக்கால்.

"மேடம், நீங்க கீழப் போயி கம்ப்யூட்டரப் பாருங்க. நான் இங்கியே கீறேன்."

இருக்கவா செய்தார்? மாடியை அளந்தார். கருவியை எட்டிப் பார்த்தார்: 912. மேற்கைப் பார்த்தார். 897. மேகம் வந்து வெயிலை மறைத்தபோது, "ஜல்தி போ" என்று அதை விரட்டினார். 905. பசி எடுத்தபோது டிபனைப் பார்த்தார். அடை கறுத்துத் தெரிந்தது, அத்தனையும் எறும்பு.

சித்ரா இரண்டு வாழைப்பழத்தோடு ஓடிவந்தார். "ஒரு மணி நேரமும் சீரா வந்துடுச்சுங்க. பெட்டி நம்மளுதுதான். இந்தாங்க, மொதல்ல சாப்புடுங்க."

வர்த்தமானன் மேற்கே திரும்பினார். பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. பழத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். "காத்தால சாப்டுக்கறேங்க."

"அப்ப அந்த டிபன உதறிட்டுக் கெளம்புங்க."

வர்த்தமானன் டிபனைப் பார்த்தார். பிறகு, எறும்பு வரிசைக்கு இடம் விட்டு, அதன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.