வெங்காயத் தோணியும் ஓர் எம்.ஏ.வும்

கடல் இன்ஷூரன்ஸ் என்பது, வாடிக்கையாளர் வாயால் சொல்லவே கூசுகிற கெடுதலையெல்லாம் நாம் சிரித்த முகத்தோடு கேட்டு எழுதிக்கொள்கிற தொழில். பட்டம் வாங்கின பிறகும் சும்மா இருக்க மாட்டாமல் இன்னொரு பயிற்சியில் போய் விழுந்த புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு என் வெட்கம் புரியாது.

சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில், எம்.ஏ. முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இந்தியாவும் இலங்கையும் தனித்தனிச் சுதந்திர நாடுகளாகிவிட்டன. இரண்டு கரைக்காரர்களோடும் பேசிச் சமாளிக்கவும், சரக்குக்கு வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டிக் கணிக்கவும் படித்த ஆள் வேண்டுமாம். தேறினால் கொழும்பு ஆபீசில் உத்தியோகம். அங்கே போக அனுமதிச் சீட்டுகூட வாங்கி வைத்திருந்தேன். பாடம் நடத்தியவர் தலைமைக் குமாஸ்தா தங்கையா சார்.

எல்லா ஆபத்தும் ஒரே மூச்சில்

என் முதல் வாடிக்கையாளர் மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி. அதுவரை பெரிய வியாபாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன் பெயரிலேயே கொழும்புக் கடை ஒன்றுக்கு ஒரு தோணி வெங்காயம் அனுப்புகிறார். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இனி அவரிடமே வாங்குவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். கெட்டுப்போனால் அந்த வாசல் அடைபட்டதுதான்.

படித்த படிப்பை எங்கேயாவது காட்ட வேண்டுமே. கோட்டுப் போட்டுக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்து, புயல், தீ, பாறை, கொள்ளைக்காரர், யுத்தத்தில் விட்டுப்போன கண்ணிவெடி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். பாலிசி எடுத்துக்கொள்ளத்தான் செய்தார். கையெழுத்துப் போடுமுன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, நீங்க பாலிசி குடுக்க வந்தியளா, சாபம் குடுக்க வந்தியளா?”

கரையில் ஒரு கேள்வி

சரக்கேற்றும் பாய்மரத் தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். அண்ணாச்சியின் சரக்கை ஏற்றியவர் சூசைத் தண்டல். புறப்படுகிற காலையில் மாதா கோயில் சாமியார் வந்து தோணிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். தோணிக்காரர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் கரையில் முழங்காலிட்டிருந்தார்கள். தோணிக்காரர்களுக்கும் ஒரு விபத்துப் பாலிசி இருந்தது. அதற்கான கேள்விகளைச் சாட்சிகள் காதில் விழும்படி உரக்கக் கேட்க வேண்டும் என்பது எங்கள் பாடம். நானும் உரக்கவே கேட்டேன்: “தோணி மூழ்கினால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?”

நாங்களும் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் ஊரான நாசரேத்தில் கடல் கிடையாதே. புறப்படும் நாளில் ‘மூழ்குவது’ என்கிற சொல்லைக் கரையில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள் என்பதும், உச்சரித்துவிட்டால் சாமியார் இன்னொரு நாள் வந்து மறுபடி மந்திரிக்கிறவரை தோணி நகராது என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு பெண் எழுந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. சூசைத் தண்டல் என்னைத் திட்டவில்லை. தன் ஆட்களிடம் மட்டும் சொன்னார்: “பாயச் சுருட்டுங்கலே. இன்னைக்குப் போறதில்ல.”

காரணம் யார்?

சாமியார் தருவைகுளம் பக்கம் போய்விட்டார், உடனே திரும்புகிறவராக இல்லை. தோணிக்குள் அடைந்து கிடந்த வெங்காயம் சில நாளிலேயே புழுங்கி அழுக ஆரம்பித்தது. அந்த நாற்றம் எங்கள் ஆபீஸ் வரைக்கும் வந்ததாகவே எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி பாலிசியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். தங்கையா சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பயிற்சிக்குத்தானே வந்தீர்? நீரே பதில் சொல்லும்” என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

புயலில் கெட்டால் பணம் கொடுப்போம், தீயில் கெட்டால் கொடுப்போம், தாமதத்தால் கெட்டதற்குக் கொடுப்பதில்லை என்று விளக்கினேன். தாமதம் யாரால் வந்தது என்று கேட்டார். “என்னாலதான் அண்ணாச்சி” என்றேன். செருப்பைக் கழற்றியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல நிதானமாகக் கேட்டார்: “அப்ப ஒங்கள நெனச்சு ஒரு பாலிசி எடுக்கணும்னா, எந்த ஆபீசுக்குப் போகணும் தம்பி?”

பலகையில் கால் வைத்தபோது

அன்று சாயங்காலமே சூசைத் தண்டலிடம் போய், சாமியார் வரும்வரை காத்திருந்தால் மிச்சமும் போய்விடுமே, வேறு வழியே இல்லையா என்று கெஞ்சினேன். “அந்தச் சொல்லச் சொன்ன ஆளே தன் உசிர நம்பி அதே தோணியில கூட வந்தா, எங்க ஆளுவளும் ஏறுவானுவ” என்றார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒப்பித்த புயலும் பாறையும் கண்ணிவெடியும் வரிசையாக நினைவுக்கு வந்தன. பக்கத்திலேயே அண்ணாச்சி குனிந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீரத்தினால் அல்ல, அதைத் தாங்க முடியாமல்தான் வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை, தோணிக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தேன். சூசைத் தண்டல் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார், அவர்கள் கேட்கிற விதத்தில்: “நல்லபடியா கொழும்பு போய்ச் சேந்ததும், ஒம்ம வீட்டுல யாருக்குத் தகவல் சொல்லணும்?”

அண்ணாச்சியின் நிபந்தனை

வழியெல்லாம் வாந்தி. அழுகிப்போன கால்வாசிச் சரக்கு கடலுக்குப் போயிற்று. மிச்சத்தைக் கொழும்புக் கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். போனால் போகிறதென்று அடுத்த லோடுக்கும் சொல்லியனுப்பினார். எனக்கும் உத்தியோகம் கிடைத்தது, கொழும்பில் இல்லை, மதுரைக் கிளையில். தங்கையா சார் சிபாரிசு செய்ததாம், அங்கே கடல் இல்லை என்பதற்காக. நான் விடைபெறப் போனபோது அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே பேசினார்: “பாலிசி ஒங்க ஆபீசுலதான் எடுக்கேன் தம்பி. தோணி பொறப்படுத அன்னைக்கு மட்டும் மதுரைய விட்டு வந்திராதிய.”

கடலில் நேரக்கூடிய ஆபத்துகளை வரிசையாக எழுதச் சொன்னால், இன்றைக்கும் புயலுக்கு முன்னால் என் பெயரைத்தான் எழுதுவேன்.